ஞாயிற்றுக்கிழமை லீக், செவ்வாய்க்கிழமை விடுப்பு

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கால்பந்து அணியில் ஆடியவர் என் கட்சிக்காரர். ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அவருக்காக நான் தொடுத்த இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது. அவர் நிரந்தரத் தொழிலாளி என்றார்கள். காயம் உண்மை என்றார்கள். அன்று அவர் போட்டிருந்த ஜெர்ஸியில் கம்பெனியின் பெயர் இருந்ததையும் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் பிடிவாதமாக மறுத்தார்கள். அவர் ஆடியது வேலை அல்ல, சொந்த ஆர்வம் என்றார்கள்.

ஏறத்தாழ பத்தாண்டுக்கு முந்தைய வழக்கு. ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பு அப்போது மாதம் 15,000 ரூபாய். 21,000 ஆனது 2017 ஜனவரியில்தான். பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்த இவருக்கு ஊதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு சம்பளம் அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. அதே அணியில் கோல் காத்த காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது, இவருக்கு இல்லை. ஆகவே 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் ஒரே வழி. அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, விபத்து வேலையின்போது நடந்ததா, வேலையின் காரணமாக நடந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் வர வேண்டும். வந்துவிட்டால் முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. வராவிட்டால் எவ்வளவு பெரிய காயமானாலும் ஒரு ரூபாய் கிடையாது.

ஓசூர்ப் பகுதிக் கால்பந்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் கால்பந்தும் தொழிற்சாலையும் சேர்ந்தே வளர்ந்தவை. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் ஆட்டக்காரர்களை ஆட்டத்துக்காகவே வேலைக்கு எடுத்தன. ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் போன்ற தமிழர் குடியிருப்புகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்கள் வந்தார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூரில் ஆடி வளர்ந்தவர். ஆட்டத்துக்கென்றே எடுத்த ஒருவர் மைதானத்தில் விழுந்தால், அவர் வேலையில் விழுந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

எல்லைக்கு இந்தப் பக்கம் கதை வேறு. சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் வந்து, அவற்றுக்கு உதிரிபாகம் செய்ய நூற்றுக்கணக்கான சிறு, நடுத்தரக் கம்பெனிகள் மூக்கண்டப்பள்ளியிலும் பேகேபள்ளியிலும் ஜூஜூவாடியிலும் முளைத்தன. இங்கே ஒருவர் முதலில் பிரஸ் ஆபரேட்டர், வெல்டர், குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவர் நன்றாகப் பந்து உதைப்பார் என்பது பிறகு தெரியவரும். பிறகு ஒரு மேலாளருக்கு அணி அமைக்க ஆசை வரும். தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரிப் பையன்களும் மலையாளிகளும் வடகிழக்கிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து, தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் கலந்து கத்திக்கொண்டு ஆடுவார்கள். வேலை ஒப்பந்தத்தில் கால்பந்து பற்றி ஒரு வரிகூட இருக்காது. வழக்கின் சிக்கல் முழுவதும் அந்த இல்லாத வரியில்தான் இருந்தது.

காயம் பட்ட மாதத்தில் அந்த அணிக்கு இரண்டு போட்டிகள் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்று கம்பெனிகளுக்கு இடையிலான கோப்பை. அதன் ஆட்டங்கள் வார நாள் பிற்பகல்களில் அந்திவாடி மைதானத்தில் நடந்தன. மற்றது எல்லையின் இரு பக்க அணிகளும் சேர்ந்த ஒரு லீக். அது ஞாயிறுதோறும், பெரும்பாலும் ஆனேக்கல் பக்கம். அந்த மாதத்தில் ஐந்து ஞாயிறு. கோப்பையில் இவர்கள் அரையிறுதி வரை போனார்கள். அதனால் வாரத்துக்கு இரண்டு ஆட்டம், நடுவில் முதல் ஷிஃப்டும் இரண்டாம் ஷிஃப்டும். தொழில்முறை அணியில்கூட இப்படி ஆடவிட்டால் பயிற்சியாளர் கவலைப்படுவார். இவர்களுக்கோ பயிற்சியாளரே கிடையாது. டூல் ரூமில் வேலை பார்த்த ஒரு மூத்தவர்தான் கேப்டன், எல்லோருக்கும் அண்ணன்.

அரையிறுதியில் இவர் முழங்கால் லேசாகப் பிசகியது. ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, வேலைக்கு வந்தார். கடைசி ஞாயிறு லீக் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், மொரம்பு மண் மைதானத்தில், பந்தோடு ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார். யாரும் அவரைத் தொடவில்லை. உடல் திரும்பியது, கால் திரும்பவில்லை. முன்புறச் சிலுவைத் தசைநார் முழுதாகக் கிழிந்திருந்ததை ஸ்கேன் காட்டியது. பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. செலவுக்கு அவர் அம்மா நகையை அடகு வைத்தார். பல மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது எட்டு மணி நேரம் பிரஸ் முன்னால் நிற்க முடியவில்லை.

எங்கே வழக்குப் போடுவது என்ற கேள்வி முதலில் வந்தது. விபத்து நடந்தது கர்நாடகத்தில், கம்பெனியும் வீடும் தமிழ்நாட்டில். எல்லைப் பகுதியில் தொழில் செய்யும் வழக்கறிஞருக்கு இது அடிக்கடி வரும் தலைவலி. ஆனால் இந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தொழிலாளிக்கு இரக்கம் காட்டியது. விபத்து நடந்த இடம், பாதிக்கப்பட்டவர் வழக்கமாக வசிக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடம் என்ற மூன்றில் எங்கே வேண்டுமானாலும் மனுச் செய்ய முடிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் கன்னடத்தில் சாட்சி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது.

கம்பெனியும் அதன் காப்பீட்டு நிறுவனமும் ஒரே வாதத்தை எடுத்துவந்தன. கோப்பை எங்கள் போட்டி. அதற்கு நாங்களே அனுப்பினோம், வருகைப் பதிவேட்டில் ஆன் டியூட்டி போட்டோம், சம்பளமும் கொடுத்தோம். லீக் அப்படியல்ல. அது விடுமுறை நாள், பையன்கள் தாங்களாகவே சேர்ந்து ஆடினார்கள், ஜெர்ஸியை மட்டும் வாங்கிக் கொடுத்தோம். நல்ல வாதம்தான். பதிவேட்டிலும் ஞாயிறு என்பது வெறும் வார விடுமுறையாகவே இருந்தது.

வழக்கைத் திருப்பியது என் கட்சிக்காரர் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம். ரேஷன் கடைக்கு எப்போது போவீர்கள், அம்மா தனியாகத் தூக்கிவருகிறாரா என்று நான் வேறு எதற்கோ கேட்டேன். "மேட்ச் முடிஞ்ச வாரத்துல செவ்வாக்கிழமை சி-ஆஃப் இருக்கும் சார், அன்னிக்குப் போயிருவேன்" என்றார். ஞாயிறு ஆடிவிட்டுத் திங்கள் ஷிஃப்டுக்கு வந்தால் உடம்பு தாங்கவில்லை என்று கேப்டன் அண்ணன் மேலாளரிடம் கேட்டு வாங்கிய சலுகை அது. மேலாளர் நல்ல மனதோடுதான் கொடுத்தார், அதை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அது சட்டத்தில் எந்தப் பெயரில் பதிவானது என்பதில் வழக்கே அடங்கியிருந்தது.

அன்று நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948-இன் 52-ஆம் பிரிவு, வார விடுமுறை நாளில் ஒருவரை வேலை வாங்கினால் அதற்கு முன்போ பின்போ மூன்று நாளுக்குள் வேறொரு நாள் முழு விடுமுறை தர வேண்டும் என்றது. அப்படி முன்பின் மாற்றித் தர முடியாமல் விட்டுப்போனால் 53-ஆம் பிரிவு ஈட்டு விடுமுறை கேட்டது. தொழிற்சாலைகளில் எல்லோரும் சி-ஆஃப் என்று சொல்வது இதைத்தான். ஞாயிறு வேலை செய்தவருக்குத்தான் செவ்வாய் விடுப்பு. வேலை செய்யாதவருக்குச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

இழப்பீட்டு ஆணையருக்கு ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இருந்தது. மாற்று விடுமுறைப் பதிவேட்டையும், அந்த மாத வேன் செலவு வவுச்சர்களையும் கேட்டு மனுப் போட்டேன். வந்தன. வவுச்சர்களோடு அத்திப்பள்ளியில் வேனுக்குக் கட்டிய தற்காலிகப் பர்மிட் ரசீதுகள் குத்தி வைக்கப்பட்டிருந்தன. அப்படிப்பட்ட தமிழ்நாட்டு வேன் கர்நாடகத்துக்குள் போக அப்போது வரி கட்ட வேண்டியிருந்தது. ஐந்து ஞாயிற்றில் எல்லை தாண்டிய ஒவ்வொன்றுக்கும் கம்பெனியே கட்டியிருந்தது. எல்லை இல்லாத ஊரில் இந்தக் காகிதமே பிறந்திருக்காது.

மனிதவள அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்தேன். மரியாதையான மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர்.

"சி-ஆஃப் யாருக்குக் கொடுப்பீர்கள்?"

"வார விடுமுறையில் வேலை பார்த்தவர்களுக்கு."

"இந்தப் பதிவேட்டில் நான்கு செவ்வாய்க்கிழமை இவர் பெயர் இருக்கிறது. அதற்கு முந்தைய ஞாயிறுகளில் எந்த மெஷினில் வேலை பார்த்தார்?"

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்த நாள்களில் மேட்ச் இருந்தது" என்றார்.

பிறகு அது நல்லெண்ணத்தில் தந்த சலுகை என்று சரிசெய்யப் பார்த்தார்கள். அப்படியானால் அதைச் சட்டப்படி பராமரிக்க வேண்டிய பதிவேட்டில் ஏன் எழுதினீர்கள் என்று ஆணையரே கேட்டார். விடை வரவில்லை.

காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் நன்றாகப் படித்தவர். 1970-களில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பைக் கொண்டுவந்தார். தன் காவல் படை அணிக்காகக் கால்பந்து ஆடிக் காயம்பட்ட ஒரு கான்ஸ்டபிளின் வழக்கு அது. ஆடும்படி ஊக்குவித்தார்கள், எதிர்பார்த்தார்கள் என்பதால் மட்டும் ஆட்டம் வேலையாகிவிடாது என்று அவருக்குப் பலன் மறுக்கப்பட்டது. என் வழக்குக்கு அவ்வளவு நெருக்கமான இன்னொரு தீர்ப்பை நான் பார்த்ததில்லை, அதுவும் எனக்கு எதிரானது. வெளிநாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. இங்கே இருப்பது வெறும் எதிர்பார்ப்பு அல்ல, அந்த நாளையே வேலை நாளாகக் கணக்கிட்டு அதற்கு ஈடு கொடுத்த பதிவேடு என்று வாதாடினேன். நம் உச்ச நீதிமன்றம் 1963-இல் பம்பாய் பெஸ்ட் நிறுவனத்துக்கும் ஆக்னஸ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் எடுத்த நிலையைத் துணைக்கு வைத்தேன். பணி முடிந்து நிறுவனத்தின் பேருந்திலேயே வீடு திரும்பிய டிரைவர் விபத்தில் இறந்தார். அந்தப் பயணத்தையும் வேலையின் நீட்சியாகவே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. வேலை எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்பதைத் தொழிற்சாலைக் கேட் தீர்மானிப்பதில்லை.

இன்னொரு வாதமும் வைத்தார்கள்: முழங்கால் ஏற்கெனவே அரையிறுதியில் பழுதாகிவிட்டது, லீக் ஆட்டம் அதன் தொடர்ச்சி மட்டும்தான். இதை நான் எதிர்க்கவே இல்லை. அரையிறுதி கம்பெனியே ஆன் டியூட்டி போட்டு அனுப்பிய ஆட்டம். காயம் அங்கே தொடங்கியது என்று அவர்களே சொன்னால், அவர்கள் ஒப்புக்கொண்ட வேலை நேரத்தில்தான் தொடங்கியது. இதைச் சொன்னதும் அந்த வாதத்தை அவர்கள் மேலே கொண்டுபோகவில்லை.

கோல்கீப்பர் தம்பி சாட்சி சொல்ல வருகிறேன் என்று அவராகவே வந்து நின்றார். நான் கூப்பிடவில்லை. காண்ட்ராக்ட் தொழிலாளி முதன்மைக் கம்பெனிக்கு எதிராகக் கூண்டில் ஏறினால் அடுத்த மாதம் அவர் பெயர் பட்டியலில் இருக்காது. காகிதங்கள் போதும் என்று அனுப்பிவிட்டேன்.

எலும்பு மருத்துவர் சம்பாதிக்கும் திறனில் 25 சதவீதம் இழப்பு என்று சான்று தந்தார், ஆணையர் ஏற்றார். கணக்கு எப்படி வரும் என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கையில் வாங்கியது 15,000-க்கு மேல். ஆனால் இந்தச் சட்டத்தின் கணக்குக்கு மாதச் சம்பளம் 8,000-க்கு மேல் போகக் கூடாது என்று 2010 முதல் வரம்பு இருந்தது. அதில் 60 சதவீதம் 4,800. வயது 26-க்கு நான்காம் அட்டவணை தரும் காரணி 215.28. பெருக்கினால் 10,33,344, அதில் கால் பங்கு 2,58,336 ரூபாய். அதிகம் சம்பாதிக்கிறாய் என்று ஒரு சட்டம் அவரை ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே தள்ளியது. வெளியே வந்தவரை அடுத்த சட்டம் பாதிச் சம்பளக்காரராகக் கணக்கிட்டது. இது அநியாயம் என்று அன்றும் வாதத்தில் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். 15,000 ஆக அந்த வரம்பு உயர்ந்தது 2020 ஜனவரியில். அதற்குள் எத்தனையோ பேருடைய கணக்கு பழைய எண்ணிலேயே முடிந்துவிட்டது.

தொகையோடு மருத்துவச் செலவும், விபத்து நடந்து ஒரு மாதம் கழிந்த நாளிலிருந்து 12 சதவீத வட்டியும் கம்பெனியும் காப்பீட்டு நிறுவனமும் தர வேண்டும் என்று உத்தரவானது. அபராதம் கேட்டேன், தகராறு நேர்மையானது என்று ஆணையர் மறுத்தார், அதில் எனக்கு வருத்தமில்லை. பணம் கட்டப்பட்டது, மேல்முறையீடு வரவில்லை. கம்பெனி அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றியது. அடகு வைத்த நகையை அம்மா மீட்டார்.

1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. விபத்து வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நடந்ததா என்ற அதே கேள்விதான் அதிலும் இருக்கிறது. கம்பெனி அணிக்கு ஆடும் தம்பிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஆட்ட அட்டவணையையும் அணிப் பட்டியலையும் அனுப்பியவர் பெயரோடு எடுத்து வையுங்கள். ஆட்டத்துக்காகக் கிடைத்த ஆன் டியூட்டி, சி-ஆஃப் நாள்களைக் குறித்து வையுங்கள். அடிபட்டால் அது சின்ன வலியாக இருந்தாலும் மறுநாளே எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.