இரண்டாவது டிசம்பர்

சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வில் நினைத்த ரேங்க் வராத பிள்ளையின் வீட்டில் முதலில் நடப்பது படிப்பல்ல, கணக்கு. மறுபடியும் விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய், கோச்சிங் செலவு, கையை விட்டுப் போகும் ஒரு வருடம். நீட் தேர்வை இன்னொரு முறை எழுதப்போகிறாள் என்றால் தமிழ்நாட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ரிப்பீட்டர் பேட்ச்சை நம்பியே பல பயிற்சி மையங்கள் நடக்கின்றன. சட்டம் படிக்க ஒரு வருடம் வீட்டில் இருக்கப்போகிறாள் என்றால்தான் பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “லா காலேஜுக்கு எதுக்கும்மா என்ட்ரன்ஸ்?” என்று ஆரம்பிக்கிறார்.

அவர் கேட்பதும் நியாயம்தான். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் அரசு சட்டக் கல்லூரிகளிலும் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் கொடுக்கிறார்கள். ஆனால் திருச்சியை அடுத்த நவலூர் குட்டப்பட்டில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய கிளாட் எழுதியாக வேண்டும். பெங்களூரு, ஹைதராபாத், போபால், கொல்கத்தா எல்லாவற்றுக்கும் அதே தேர்வுதான். ஒரு காலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தேர்வு. பிள்ளைகள் ஊர் ஊராக ரயிலேறினார்கள். 2006-இல் ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதன் விளைவாக, 2008-இல் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து முதல் பொதுத் தேர்வை நடத்தின.

இப்போது அது டிசம்பரில் வருகிறது. முதல் முறை எழுதுகிறவர் பிளஸ் டூவின் நட்ட நடுவில், அரையாண்டுத் தேர்வுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் இடையில் எழுதுகிறார். இரண்டாம் முறை எழுதுகிறவருக்குப் பள்ளிக்கூடம் இல்லை, பிளஸ் டூ பொதுத் தேர்வு முடிந்ததிலிருந்து நாள் முழுவதும் அவர் கையில். ரிப்பீட்டருக்கு இருக்கும் பெரிய அனுகூலம் இதுதான். அந்த நேரத்தைப் போன வருடம் படித்ததையே இன்னும் அதிக மணி நேரம் படிப்பதற்குச் செலவழித்தால் பலன் அநேகமாகப் போன வருடத்து ரேங்க்தான்.

முதலில் செய்ய வேண்டியது பழைய கேள்வித்தாளைப் பிரேதப் பரிசோதனை செய்வது. இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். போன மதிப்பெண்கள் எப்படிப் போயின? தெரியாமல் போனது எத்தனை, கேள்வியைத் தப்பாக வாசித்துப் போனது எத்தனை, கடைசிப் பத்து நிமிடத்தில் தொடாமலே விட்டது எத்தனை என்று பிரித்துப் பார்த்தால், ‘எனக்கு ஜி.கே. வீக்’ என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவரின் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருப்பது பல முறை தெரியவரும். பயத்தால் போன மதிப்பெண்களும் அதில் இருக்கும். நான்கு விடைகளில் இரண்டைத் தள்ளிவிட்ட பிறகும், கால் மதிப்பெண்ணுக்குப் பயந்து வட்டத்தை நிரப்பாமல் விடுகிறவர்கள் உண்டு. அப்படி 16 கேள்விகளில் துணிந்து நிரப்பினால் சராசரியாக எட்டு சரி, எட்டு தப்பு; கழிப்பது போக ஆறு மதிப்பெண் மிச்சம். ஒரு மதிப்பெண்ணில் ரேங்க் எங்கேயோ போய்விடும் தேர்வில் ஆறு என்பது ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் உள்ள தூரம்.

நேரத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. கேள்விகள் எல்லாம் பத்திகளை ஒட்டி வருகின்றன. ஒரு பத்தி 450 சொற்கள் வரை நீளும், அதன் கீழ் நான்கைந்து கேள்விகள். மொத்தம் இருபதுக்கு மேற்பட்ட பத்திகள், பத்தாயிரம் சொற்களை ஒட்டிய ஆங்கிலம். நிமிடத்துக்கு 200 சொல் வாசிக்கிறவருக்குப் பத்திகளை முடிக்கவே ஐம்பது நிமிடம் ஆகிவிடும். மிச்சம் எழுபது நிமிடத்தில் 120 கேள்வி, அதாவது கேள்விக்கு 35 விநாடி. நிமிடத்துக்கு 250 சொல் வாசிக்கிறவருக்குப் பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். வழிகாட்டி நூல் எதிலிருந்தும் அந்தப் பத்து நிமிடம் வராது. தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தோடு மல்லுக்கட்டி, ஆசிரியர் எதை நிறுவுகிறார், எதைச் சொல்லாமல் அனுமானித்துக்கொள்கிறார் என்று கேட்டுக் கேட்டு, மாதக் கணக்கில் மெதுவாக வருவது அது.

சட்டப் பகுதியில் ரிப்பீட்டருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. முதல் வருடம் சட்டம் ஒன்றும் தெரியாமல் போய் எழுதியவர், இரண்டாவது வருடத்துக்குள் ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் என்று கொஞ்சம் படித்துவிடுகிறார். கேள்விகளோ முன் அறிவை எதிர்பார்ப்பதில்லை. பத்தியில் கொடுத்த விதியைக் கொடுத்த நிகழ்வுக்குப் பொருத்தினால் போதும். ஒரு பத்தி இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் பொருளை எடுத்துக் கூடையில் போட்டதுமே விற்பனை ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது.’ ஒன்றும் படிக்காத பிள்ளை சமர்த்தாக அதை வைத்து விடை போட்டுவிடும். ரிப்பீட்டருக்கு 1953-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் சொன்னது ஞாபகம் வந்து தொலைக்கும்: அலமாரியில் அடுக்கியிருப்பது வெறும் அழைப்பு, கல்லாவில் வைத்துத்தான் ஒப்பந்தம். தீர்ப்பு சரி, மதிப்பெண் போச்சு. கற்றதை இரண்டு மணி நேரம் வாசலில் விட்டுவிட்டுப் போகும் பழக்கமும் இந்தத் தயாரிப்பில் சேர்த்தி.

நடப்பு நிகழ்வுகளின் கதை வேறு. வாசிப்பும் தர்க்கமும் அடுத்த வருடத்துக்குக் கூடவே வரும். போன வருடம் உருப்போட்ட விருதுகளும் உச்சி மாநாடுகளும் பெரும்பாலும் வராது. அந்த நோட்டை எடைக்குப் போட மனசு வராமல் வைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

தேர்வும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2019 மே மாதம் எழுதித் தவறவிட்டவர்களை நினைத்துப் பார்க்கலாம். அவர்கள் எழுதியது 200 கேள்விகள் கொண்ட பழைய பாணித் தேர்வு. அதை நம்பியே அடுத்த தயாரிப்பைத் தொடங்கினார்கள். நவம்பரில் அறிவிப்பு வந்தது: இனி எல்லாம் பத்தியை ஒட்டிய கேள்விகள், எண்ணிக்கையும் குறைவு. சரி என்று திரும்பி உட்கார்ந்தால் கொரோனா. மே மாதத் தேர்வு தள்ளித் தள்ளிப் போனது. செப்டம்பரில் பெங்களூருப் பல்கலைக்கழகம் தனக்கென்று தனித் தேர்வு அறிவித்து 12-ஆம் தேதி நடத்தியும் விட்டது. 21-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒருவழியாக 28-ஆம் தேதி கிளாட் நடந்தது. இத்தனையையும் தாண்டி எழுதியவர்களுக்கு அரசியல் சட்ட வழக்குகளில் தனிப் பயிற்சி வேறு தேவைப்பட்டிருக்காது.

2024 டிசம்பர் 1 அன்று எழுதியவர்களுக்கு வந்த சோதனை இன்னொரு ரகம். இரண்டு கேள்விகளின் விடை தவறு என்று அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். மேல்முறையீடு, பல மாநில வழக்குகளை ஒரே நீதிமன்றத்துக்கு மாற்றியது, ஏப்ரலில் டிவிஷன் பெஞ்ச் தீர்ப்பு, மே 7-இல் உச்ச நீதிமன்றத்தின் திருத்தம் என்று விவகாரம் நீண்டது. மறுபடி எழுதுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தன் ரேங்க் என்னவென்று தெரிய வேண்டும். அதுவே ஐந்து மாதம் அந்தரத்தில் நின்றது.

அமெரிக்காவில் சட்டக் கல்லூரியில் சேர எல்சாட் எழுதுகிறவரின் நிலைமை கிளாட் எழுதுகிறவருடையதற்கு நேர்மாறு. அங்கே வருடத்தில் பல முறை தேர்வு, 120 முதல் 180 வரை மதிப்பெண், வாழ்நாளில் ஏழு முறைக்கு மேல் எழுத முடியாது. பழைய மதிப்பெண்களும் விண்ணப்பத்தோடு கல்லூரிக்குப் போய்ச் சேரும். கிளாட்டில் முயற்சிக்கும் வரம்பு இல்லை, வயதுக்கும் வரம்பு இல்லை. போன வருடத்து ரேங்க்கை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்பதில்லை. பெரியப்பாவைத் தவிர வேறு யாருக்கும் அது ஞாபகம் இருக்காது என்பது ஒரு பெரிய சௌகரியம்.

ஆனால் ஒரு வருடம் வீட்டில் இருக்க முடிகிறவர்கள் யார் என்ற கேள்வி இருக்கிறது. தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். தாய்மொழிகளிலும் நடத்தக் கோரி 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போடப்பட்டது. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு அந்தப் பத்தாயிரம் சொல் இரண்டு மடங்கு பாரம். கட்டணம் கட்டிப் பயிற்சி பெற முடியாதவர்கள், பார்வை மாற்றுத்திறனாளிகள் போன்றோரைத் தேடிப்பிடித்துத் தயார் செய்வதற்காகச் சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் ஐடியா என்ற அமைப்பைத் தொடங்கினார். தேர்வு நடத்தப்படும் விதத்தைச் சீர்திருத்தக் கோரி உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். 2019-இல் அவர் இறந்த பிறகும் அமைப்பு தொடர்கிறது. வசதியுள்ள வீட்டில் இரண்டாவது முயற்சி என்பது ஒரு முடிவு. இல்லாத வீட்டில் அதற்கு யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

தயாரிப்பின் கடைசி வாரங்களில் கவனிக்க வேண்டியது ஒரு சின்ன விஷயம். கிளாட் நடப்பது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, காபி குடித்துவிட்டு மாக் டெஸ்ட் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிப் பழகியவருக்கு, சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு உட்காரும் இரண்டு மணி மூளை புதிது. முதல் முறை பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நவம்பர் முழுவதும் மாக் டெஸ்ட்டை மதியம் இரண்டு மணிக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்த ஒரு மாதம் அம்மா எவ்வளவு வற்புறுத்தினாலும் மதியத்தில் அரை வயிறுதான்.