தொடுபவர் யார்?

குறையைக் கண்டு சொல்பவரையே குற்றவாளி ஆக்கிவிடுவது மனித இயல்பு. அவ்வியல்பு எங்கள் வீட்டுச் சமையலறை வரை வந்து நின்ற கதையை இங்கே சொல்ல விழைகிறோம்.

கிறிஸ்துமசுக்கு இரண்டு வாரங்களே இருந்தன. கேக்கிற்கான உலர்பழங்கள் ஊறிக்கொண்டிருந்தன. மழைக்காலம் முழுவதும் பரண்மேல் கிடந்த மின்சார ஓவனை இறக்கித் துடைத்துச் சுவிட்சைப் போட்டோம். ஐந்து நிமிடம் நன்றாகக் காய்ந்தது. பிறகு ‘டக்’ என்றோர் ஒலி. வீடு முழுவதும் இருண்டது. மின்பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புச் சாதனத்தின் விசை கீழே விழுந்திருந்தது. ஏற்றிவிட்டோம், மீண்டும் விழுந்தது. மூன்றாம் நாள், ஓவனின் சுவிட்சைத் தொட்ட மாத்திரத்திலேயே விழலாயிற்று.

எங்கள் ஐயம் ஓவன்மீது செல்லவில்லை. நன்றாகச் சூடாகும் ஒன்றில் பழுது எங்ஙனம் இருக்க முடியும்? 2000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரமே எடுக்கும். 16 ஆம்பியர் பிளக்கிற்கு அது ஒரு சுமையன்று. ஆகவே குற்றம் மின்பெட்டியில் உள்ள அச்சிறு சாதனத்தினுடையதே என்று தீர்ப்பெழுதினோம். அடுத்த வீட்டு அண்ணாச்சியும் அதை வழிமொழிந்தார். “அதைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரடியாக இணைத்துவிடுங்கள். நம் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?” என்றார். எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. அதற்கெனவே எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்தோம்.

வந்தவர் இளைஞர். நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இந்த ஓவனை அதிகம் தொடுவது யாருங்க ஐயா?” என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று அதில் தட்டை வைப்பதும் எடுப்பதும், வீட்டு வேலைக்கு வரும் அக்காதான். அவரை நாங்கள் அதுவரை நினைத்துப் பார்க்கவேயில்லை.

இளைஞர் முதலில் ஓவனின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு விசையை ஏற்றினார், அது நின்றது. வீட்டு ஒயரிங்கில் குறையில்லை என்று தெரிந்தது. பின்னர் ஓவனைத் திறந்து, மெக்கர் என்னும் கருவியால் இரு சூட்டுக் காயில்களையும் தனித்தனியே சோதித்தார். மேல் காயில் பழுதின்றி இருந்தது. கீழ்க்காயிலைச் சோதித்தபோது முள் பூச்சியத்தின் அருகே சரிந்தது.

காரணத்தையும் விளக்கினார். காயிலின் உலோகக் குழாய்க்குள் சூடேறும் கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே மக்னீசியம் ஆக்சைடுப் பொடி அடைக்கப்பட்டிருக்கிறது. அது வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. முனையடைப்பு கெட்டால் மழைக்கால ஈரம் உள்ளே புகுந்து, மின்சாரம் ஓவனின் உடம்புக்குக் கசியும். கம்பியோ வழக்கம்போல் சூடாகிக்கொண்டே இருக்கும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று ஆர்.சி.சி.பி. இடைவிடாது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். அளவுக்கு மீறிய சுமைக்காக விழும் எம்.சி.பி. இந்தக் கசிவை அறியாது.

இறுதியாக அவர் எர்த் இணைப்பைச் சோதித்தார். கரியும் உப்பும் இட்ட கொல்லைப்புறக் குழியை நாங்கள் தளம் போட்டு மூடி, நீர் ஊற்றவும் மறந்திருந்தோம். இணைப்பு வலுவிழந்து கிடந்தது. நாங்கள் விரும்பியபடி அச்சாதனத்தைக் கழற்றியிருந்தால், கசிந்த மின்சாரம் ஓவனின் உடம்பிலேயே தங்கி, தொடும் கைக்காகக் காத்திருந்திருக்கும்.

புதுக் காயில் போட்டோம். எர்த் குழியைத் திறந்து புதுப்பித்தோம். முதல் கேக் எடுத்த அன்று, நடந்ததை அக்காவிடம் சொன்னோம். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, “மொத நாளே தட்டு வைக்கையில கை சுருக்குன்னுதும்மா” என்றார்.

“ஏன் சொல்லவில்லை?” என்று பதறினோம்.

“நான்தான் ஈரக்கையால தொட்டுக் கெடுத்துட்டேன்னு சொல்லிருவீங்களோன்னு பயந்துட்டேன்” என்றார்.

எங்களிடம் மறுமொழி இல்லை. மூன்று நாளும் எங்களுக்கு உண்மையைச் சொன்னது மின்பெட்டியில் இருந்த சாதனம் ஒன்றே. அதனையும் கழற்றி எறிய ஆள் தேடினோம். அருகில் நின்ற மனிதரோ, எங்களிடம் உண்மையைச் சொல்லவே அஞ்சியிருக்கிறார். அந்த அச்சத்தை அவருக்குத் தந்தவர்கள் நாங்கள்தாம்.

இப்போது மாதந்தோறும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்க்கிறோம். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன், “எதிலாவது குறை தெரிகிறதா அக்கா?” என்றும் கேட்கிறோம். முதல் சில வாரங்கள் “ஒண்ணுமில்லம்மா” என்றே சொல்லிவந்தார். சென்ற வாரம்தான், மிக்சியின் ஒயர் கிழிந்திருப்பதைத் தாமாகவே கொண்டுவந்து காட்டினார்.