பாம்பன் காத்தும் ஒரு லாப்ரடார் குட்டியும்

2025-ல திறந்த புது பாம்பன் பாலத்துல ரயில் போறப்போ ரெண்டு பக்கமும் கடல்! ராமேஸ்வரத்துல வேலை கிடைச்சவங்களுக்கு, 'கரையில ஓட ஒரு லாப்ரடார் குட்டி வேணும்'னு தோணுறது நியாயம்தான் பாஸ்.

நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களுக்கு வலை இழுத்துக் கொடுத்த நாய்களோட வாரிசு அது. தண்ணின்னா குஷி! ஆனா, குளிருக்கான ரெட்டை அடுக்கு ரோமம். தனுஷ்கோடி மணல்ல மத்தியானம் நடந்தா பாதம் பொசுங்கிடும். அதனால, விடியக்காலையிலயே வாக்கிங்.

அதைவிட பெரிய மேட்டர், உங்க டியூட்டி டைம். ரெண்டு மாசக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூணு, நாலு வேளை சாப்பாடு. மூணு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுக்கு அடக்காது. எட்டு மணி நேரம் பூட்டின வீட்டுல அது என்ன பண்ணும்?

மத்தியானம் கதவைத் திறக்க பக்கத்து வீட்டு அக்கா சரின்னாங்களா? அப்ப தூக்கிட்டு வாங்க. இல்லேன்னா, கடல் எங்கேயும் போயிடாது... குட்டி கொஞ்ச நாள் கழிச்சே வரட்டும்!