பாடசாலைக்கு அனுப்புவதா, வீட்டில் மறித்து வைப்பதா?

2020 மார்ச் 12ஆம் திகதி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு அறிவித்தல்கள் வெளியாகின. மறுநாள் முதல் நாட்டிலுள்ள பாடசாலைகள் யாவும் மூடப்படும் என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தது. அதே நாளில் கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசாங்கமும் தனது பொதுப் பாடசாலைகளை மூடுவதாக அறிவித்தது. இரண்டுமே சில வாரங்களுக்கான ஏற்பாடுகள் என்றுதான் அப்போது சொல்லப்பட்டன. ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போல எங்கள் குடும்பமும் இவ்விரு இடங்களிலும் பிரிந்து வாழ்கிறது. ஆகையால், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதா, வீட்டில் மறித்து வைப்பதா என்ற கேள்வியை அடுத்த இரண்டு வருடங்களில் இரு திசைகளிலிருந்தும் கேட்க நேர்ந்தது.

முதலில் கனடாவைச் சொல்கிறேன். அங்கேதான் இந்தக் கேள்வி பெற்றோரிடம் முறைப்படி கேட்கப்பட்டது. 2020 செப்டெம்பரில் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்னர், பிள்ளை வகுப்பறைக்கு வருமா, இணையவழியில் படிக்குமா என்று ரொறன்ரோப் பாடசாலைச் சபை பெற்றோரிடம் கேட்டது. ஸ்காபரோவில் வாழும் என் பெறாமகள் அந்த ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய மகன் இரண்டாம் வகுப்பு. கணவர் உணவுப் பொதியிடும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறார். நீரிழிவு நோயாளியான என் அண்ணியாரும் அதே வீட்டில்தான்.

"சித்தப்பா, ரெண்டிலை ஒண்டுக்குப் புள்ளடி போடவேணுமாம். எதுக்குப் போட்டாலும் ஒண்டில் அம்மாவுக்கு, இல்லாட்டி பிள்ளைக்குத் துரோகம் செய்யிற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

அந்தத் தொற்றுக்காலத்தில் பெற்றோர் பட்ட வேதனையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கொவிட்-19 நோய் சிறுவர்களைப் பெரும்பாலும் கடுமையாகத் தாக்கவில்லை. இலங்கையிலும் சரி, கனடாவிலும் சரி, இறந்தவர்களில் பெரும்பான்மையினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். பிள்ளைக்கு என்ன நேரும் என்பதைக் காட்டிலும், பிள்ளை வீட்டுக்கு எதைக் கொண்டுவரும் என்பதே பெற்றோரின் பயமாக இருந்தது. தராசின் ஒரு தட்டில் தான் பெற்ற பிள்ளையும் மறு தட்டில் தன்னைப் பெற்றவரும் இருக்கையில் ஒரு தாய் எப்படி நிறுப்பாள்?

பெறாமகள் இணையவழியையே தெரிவு செய்தாள். ரொறன்ரோவில் அவளைப் போன்றவர்கள் ஏராளம். நோய்த் தொற்று அதிகமாக இருந்த ஸ்காபரோவிலும் நகரின் வடமேற்குப் பகுதியிலும் வாழ்ந்த பெற்றோரே கூடுதலாக இணையவழியை நாடினர். வசதியான பகுதிகளின் பிள்ளைகள் கூடுதலாக வகுப்பறைக்குத் திரும்பினர். தொழிற்சாலைகளிலும் களஞ்சியங்களிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்பவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் வாய்ப்பு இல்லை. பிள்ளையை மறித்து வைத்தாலும் தகப்பன் வேலைக்குப் போய்வரத்தான் வேண்டும். என் பெறாமகளின் வீட்டிலும் அதுவே நிலைமை. எந்த வாசலை அடைக்கலாமோ அதை அடைத்தார்கள். அடைக்க முடியாத வாசல் திறந்தே கிடந்தது. பின்னர் அந்தத் தெரிவும் பொருளற்றுப் போயிற்று. 2021 ஏப்ரலில் மூடப்பட்ட ஒன்ராறியோப் பாடசாலைகள் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை திறக்கப்படவேயில்லை.

அந்த வீட்டில் ஒரு நன்மையும் விளைந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. ஆங்கிலம் அறியாத பேர்த்தியார் பக்கத்திலிருக்கக் கணினியின் முன் அமர்ந்த பேரன், இடைவேளைகளில் அவரிடம் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டான். வாரத்தில் ஒருநாள் தமிழ் வகுப்பில் பிடிபடாதது அந்தச் சாப்பாட்டு மேசையில் பிடிபட்டது.

கொழும்பில் எங்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. அரசாங்கம் மூடும், திறக்கும், மறுபடி மூடும். 2020 ஜூலை 6ஆம் திகதி பாடசாலைகள் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்டன. கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்தில் தொற்றுப் பரவியதால் ஒரு வாரத்துக்குள் மீண்டும் மூடப்பட்டன. ஆகஸ்டில் திறந்தார்கள். ஒக்டோபர் 4ஆம் திகதி மினுவாங்கொடையில் பெருந்தொற்று வெளிப்பட்டதும் மறுபடியும் மூடினார்கள். ஆனால், வழக்கமாக ஆகஸ்டில் நடக்கும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை ஒக்டோபர் 11ஆம் திகதிக்குப் பின்போடப்பட்டிருந்தது. அதை இன்னுமொரு தடவை பின்போட அரசாங்கம் இணங்கவில்லை. பாடசாலைக்குப் போகக்கூடாத பத்து வயதுப் பிள்ளைகள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பரீட்சை மண்டபங்களுக்குப் போனார்கள்.

அவர்களில் என் பேரனும் ஒருவன். வெள்ளவத்தையில் மகளின் வீட்டில்தான் நான் வசிக்கிறேன். அப்போதே எழுபதைக் கடந்திருந்தேன். பரீட்சைக்கு முந்திய இரண்டு இரவுகள் மகளும் மருமகனும் குசினியில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை அலுவலகத்தில் நாற்பது வருடங்கள் இருந்தவனுக்குத் தணிந்த குரலில் பேசுவதும் கேட்கும். பேசப்பட்ட விடயம் நான்தான். பேரனை அனுப்பினால் எனக்கு ஆபத்து; அனுப்பாவிட்டால் இரண்டு வருடமாகப் படித்தது வீண். கடைசியில் மகள் என்னிடம் வந்து, "அப்பா, சோதினைக்கு அனுப்பட்டோ?" என்று கேட்டாள். அனுப்பச் சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்? பேரப்பிள்ளையின் படிப்புக்குக் குறுக்கே நிற்க எந்தக் கிழவன்தான் விரும்புவான்?

பரீட்சை முடிந்து வந்தவன் குளித்து உடை மாற்றிய பிறகும் என் அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே, "அம்மப்பா, கணக்கு லேசு. ஆனா நான் பதினாலு நாளைக்குக் கிட்ட வரமாட்டன்" என்றான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. பெரியவர்கள் நிறுத்துப் பார்ப்பதைப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அன்று விளங்கியது.

இதுவரை நான் சொன்ன இரண்டும் நிறுத்துப் பார்க்கத் தராசு வைத்திருந்தவர்களின் கதைகள். வீட்டில் இணைய இணைப்பு உண்டு, கணினி உண்டு, பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுக்கப் படித்த ஒருவர் உண்டு. இலங்கையில் கணினி உள்ள வீடுகள் அக்காலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மட்டுமே. ஏனைய வீடுகளில் இணையவழிக் கல்வி என்றால் தகப்பனின் கைத்தொலைபேசி. அவர் வேலைக்குப் போனால் அதுவும் இல்லை.

மலையகத்தில் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அந்நாட்களில் அடிக்கடி பேசுவார். அவருடைய வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். சூம் வகுப்புக்கு வரக்கூடியவர்கள் நான்கு பேர். வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினால் ஒன்பது பேருக்குப் போய்ச் சேரும். மிகுதிப் பேருக்குத் தன் செலவில் பயிற்சித்தாள்களைப் பிரதியெடுத்து, தோட்டத்துக் கடையில் கொடுத்துவைப்பார். அரிசி வாங்க வருபவர்கள் எடுத்துச் செல்வார்கள். "லயத்திலை பத்துக்குப் பன்னிரண்டு காம்பறாவுக்குள்ள ஆறு பேர் இருக்காங்க சார். வீட்டுலயே இருங்கன்னு சொல்றதே அவங்களுக்கு விளங்காது" என்று ஒருநாள் சொன்னார்.

2021இல் பிபிலைக்கு அப்பாலுள்ள போஹிட்டியாவைக் கிராமத்தின் பிள்ளைகள் தங்கள் ஆசிரியையுடன் காட்டு வழியாக நடந்து மலைப் பாறையொன்றின் மீதேறி, அங்கே கிடைத்த அலைவரிசையில் பாடங்களைத் தரவிறக்கிய செய்தி உலகப் பத்திரிகைகளில் படங்களுடன் வெளிவந்தது. லுணுகலைப் பகுதியிலோ காட்டு மரத்தின் மேல் கட்டிய பரணில் இருந்து படித்தார்கள். பிள்ளைகளின் கல்வி ஆர்வத்தை எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது. அந்தப் பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடித்தான் இருந்தார்கள். ஆசிரியையும் அங்கேதான் இருந்தார். பாறையில் கூடலாம், பாடசாலைக் கட்டடத்தில் கூடக்கூடாது என்பது என்ன சுகாதார விதி?

பல்லாயிரம் மாணவர்கள் பயிலும் கொழும்புக் கல்லூரியையும் அறுபது பேர் படிக்கும் தோட்டப் பாடசாலையையும் ஒரே கட்டளையால் மூடியதுதான் இதற்குக் காரணம். 2020 நவம்பர் 23இல் மேல் மாகாணம் தவிர்ந்த இடங்களில் பாடசாலைகளைத் திறந்தபோதும், ஆறாம் தரத்துக்கு மேற்பட்டவர்களையே அழைத்தார்கள். திரையைப் பார்த்துத் தானாகப் படிக்கவே இயலாத சின்னஞ்சிறுசுகள் வீட்டில் இருந்தன. 2021 ஏப்ரல் இறுதியில் மறுபடி மூடப்பட்டு, ஒக்டோபர் 21ஆம் திகதி திறந்தபோதுதான் இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. 200க்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலில் திறக்கப்பட்டன. இந்நாட்டின் பத்தாயிரத்துச் சொச்சம் அரசாங்கப் பாடசாலைகளில் ஏறத்தாழ அரைவாசி அத்தகைய சிறிய பாடசாலைகள்தாம். கடைசியில் செய்ததை முதலில் செய்திருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருடமாவது மிஞ்சியிருக்கும்.

இடையில் 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்தும் விலகினார்கள். இருபது வருடங்களுக்கு மேலாகத் தீர்க்கப்படாத சம்பள முரண்பாடு அவர்களுடைய நியாயமான குறை. சொந்தத் தொலைபேசியிலும் சொந்த டேட்டாவிலும் கற்பித்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த மூன்று மாதங்களும் தனியார் ரியூட்டரிகளின் சூம் வகுப்புகள் தடையின்றி நடந்தன. காசுள்ள பிள்ளை படித்தது. இல்லாத பிள்ளை இருந்தது. 1940களில் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியைப் பற்றிப் பெருமை பேசும் நாட்டில் இது நடந்தது.

எம்மவர்க்கு இதில் ஒரு பழைய நினைவும் உண்டு. பிள்ளையை அனுப்புவதா, மறிப்பதா என்று எங்கள் தாய்மார் நிறுத்துப் பார்த்தது கொவிட் காலத்தில் முதல் தடவையன்று. 1995 செப்டெம்பர் 22ஆம் திகதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மீது விமானக் குண்டுவீச்சு நடந்தபோது, காலையில் சீருடையுடன் அனுப்பிய பிள்ளைகள் பலர் திரும்பி வரவில்லை. அடுத்த மாத இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. அப்படியிருந்தும் தென்மராட்சியிலும் வன்னியிலும் மரங்களின் கீழே வகுப்புகள் கூடின. மின்சாரமற்ற இரவுகளில் எண்ணெய் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். "போருக்குள்ளேயே படித்தோமே, இதற்கென்ன?" என்று சிலர் கேட்டார்கள். ஒப்பீடு பொருந்தாது. போரில் கூடியிருப்பதே பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருந்தது. தொற்றுநோயிலோ கூடுவதே ஆபத்தாயிற்று. மரநிழலில் வகுப்பு நடத்திய சமூகத்திடமிருந்து அந்த ஓர் ஆயுதமும் பறிக்கப்பட்டது.

உயிர்தான் முதலில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 2021 ஆகஸ்ட் இறுதியில் இந்தச் சின்னத் தீவில் நாளொன்றுக்கு இருநூறு பேரளவில் இறந்தார்கள். அந்த வாரங்களில் பாடசாலைகளைத் திறக்கச் சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் மரணங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கணக்கு இருந்தது. மாலையில் அறிக்கை வரும். காலையில் பத்திரிகையின் முதற்பக்கத்தில் கட்டம் கட்டி வரும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்த பிள்ளை அதை மறந்துபோன கணக்கு எந்த மாலை அறிக்கையிலும் வரவில்லை. கடையில் வேலைக்குச் சேர்ந்து மீண்டும் வகுப்புக்கு வராத பதினைந்து வயதுப் பையனைப் பற்றியும் வரவில்லை. பெற்றோர் நிறுத்தார்கள் என்கிறோம். ஒரு தட்டுக்கு மட்டுமே படிக்கல் கொடுத்துவிட்டு நிறுக்கச் சொன்னால் அவர்கள் எப்படிச் சரியாக நிறுப்பார்கள்?

தொற்று அடங்கிய பிறகும் பாடசாலைக் கதவு நிலையாகத் திறந்திருக்கவில்லை. 2022 ஜூனில் எரிபொருள் இல்லையென்று கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் பாடசாலைகளை மூடி, மறுபடியும் இணையவழி என்றார்கள். நாளாந்தம் மின்வெட்டு நடந்துகொண்டிருந்த வருடம் அது. பெருந்தொற்றுக்கென்று கண்டுபிடித்த வழி, எந்தத் தட்டுப்பாட்டுக்கும் கைக்கு எட்டும் வழியாகிவிட்டது.

2020 ஜனவரியில் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை 2024 செப்டெம்பரில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதியது. அந்தப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்க வேண்டிய முதல் இரண்டு வருடங்களில் வகுப்பறை பெரும்பாலும் பூட்டிக் கிடந்தது. வினாத்தாளோ எல்லோருக்கும் ஒன்று. என் நண்பர் இன்னமும் ஆறாம் தரத்துக்குப் போன பிள்ளைகள் சிலரை மாலையில் மறித்து வைத்து உயிர்மெய்யெழுத்து எழுதுவிக்கிறார். அதற்குச் சுற்றறிக்கை எதுவும் இல்லை, கொடுப்பனவும் இல்லை. என்னைப் போன்ற முதியவர்களின் உயிரைக் காப்பதற்காக அந்தப் பிள்ளைகளின் வருடங்கள் எடுக்கப்பட்டன. எடுத்தது சரியென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது கடன். திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு மலைத்தோட்டத்து ஆசிரியர் ஒருவருடையது மட்டுமன்று.