பத்தாயத்துக்கு அடியில் இருக்கும் இடைவெளி

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி செல்லும் சாலையை ஒட்டிய ஊர்களில் பழைய ஓட்டு வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. தெருவிலிருந்து இரண்டு, மூன்று படி ஏறித்தான் திண்ணையை அடைய வேண்டும். இது களிமண் பூமி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் எளிதில் வடியாது. வீட்டை உயர்த்திக் கட்டியது அதனால்தான்.

உள்ளே பத்தாயத்திலும் அதே யோசனை தெரியும். கனத்த பலகைகளால் ஆன அந்த மரப்பெட்டியின் அடிப்பாகம் தரையைத் தொடாது. கட்டைக் கால்களின் மேல் நிற்கும். அடியில் காற்று ஓடும். எலி வந்தாலும் தெரியும். தை, மாசியில் அறுத்து நன்கு காயவைத்த சம்பா நெல் அடுத்த அடைமழையையும் தாண்டி நிற்க இந்த இடைவெளி துணை செய்தது.

இன்று பல வீடுகளில் பத்தாயம் இல்லை. நெல் மூட்டைகள் சிமெண்டுத் தரையில், சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. பத்தாயம் உள்ள வீட்டிலும் அதன் கால்களுக்கிடையே பழைய சாக்கும் விறகும் அடைந்திருக்கின்றன. சிமெண்டுத் தரை காய்ந்ததுபோல் தெரிந்தாலும், மண்ணின் ஈரம் அதன் நுண்துளைகள் வழியே மேலேறும். அடிமூட்டையில் முதலில் பூசணம் பிடிக்கும். அது விதைநெல்லாக இருந்தால், நட்டம் நாற்றங்காலில்தான் தெரியவரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய எளிய வழி உண்டு. இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டி, ஒரு நாள் விட வேண்டும். தாளின் அடியில் நீர் முத்து கோத்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேல்புறம் கோத்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது.

மண்ணின் ஈரமானால், தரையில் பாலித்தீன் தாள் விரித்து, செங்கல் வைத்து, அதன்மேல் பலகை போட்டு மூட்டைகளை அடுக்கலாம். அரை அடி உயரம் போதும். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியிருக்க வேண்டும். இறவாரத் தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வெளியே வாய்க்கால் வெட்ட வேண்டும். காற்றின் ஈரமானால், வெயில் நாளில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, மழை நாளில் மூடிவைக்க வேண்டும்.

இவ்வளவும் காய்ந்த நெல்லுக்குத்தான் பயன்படும். சேமிக்கும்போது சாப்பாட்டு நெல்லில் 14 சதவீதத்துக்கும், விதைநெல்லில் 13 சதவீதத்துக்கும் மேல் ஈரம் இருக்கக் கூடாது. பத்தாயத்தின் அடியை ஒழித்துச் சுத்தம் செய்யப் புரட்டாசி முடிவதற்குள் ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.