பைய நடய்யா

ஜூன் 11

சின்னவனுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகைத்துடிப்பும், இருப்பதாகப் போன வருடமே மருத்துவர் சொல்லிவிட்டார். இன்று பாளையங்கோட்டையில் தெரபிஸ்ட் மேடம் பார்த்தது அவனுடைய கை கால்களை. எட்டு வயதுப் பையன் தன் உடம்பை எவ்வளவு தூரம் ஆளுகிறான் என்று அளக்க 'மூவ்மென்ட் ஏ.பி.சி.' என்றொரு சோதனை இருக்கிறது. மூன்று வயதிலிருந்தே செய்யலாமாம். முதலில் கைவேலை: பலகைத் துளைகளில் முளைகளைச் செருக வேண்டும், நாடா கோக்க வேண்டும், இரண்டு கோடுகளுக்கு இடையில் முட்டாமல் பென்சிலை ஓட்ட வேண்டும். அடுத்தது சுவரில் பந்தை எறிந்து பிடிப்பது, சிறு பையைக் குறிபார்த்து வீசுவது. கடைசியில் சமநிலை: ஒற்றைக் காலில் பலகைமேல் நிற்பது, குதிகாலோடு விரல்நுனி ஒட்ட ஒட்டக் கோட்டில் நடப்பது, பாய்விரிப்புகளில் நொண்டியடிப்பது.

கோட்டில் நடக்கச் சொன்னால் ஓடினான். நொண்டியடிக்கச் சொன்னபோது தாவத் தெரிந்தது, கடைசிப் பாயில் நிற்கத் தெரியவில்லை. சுவரில் போய் மோதித்தான் நின்றான். மேடம் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, சத்தமில்லாத அறையில், அவசரப்படுத்தாமல் மறுபடி நடக்கவிட்டார்கள். இம்முறை அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு முழுக் கவனத்தோடு நடந்தான். அப்போதும் தள்ளாடினான்.

"அவசரத்துல தப்புறது வேற, முடியாம தப்புறது வேற. தம்பிக்கு ரெண்டும் இருக்கு" என்றார்கள்.

பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அந்த வாக்கியத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் ஊரில் எல்லோரும் இவன் விழுவதைச் சேட்டையின் கணக்கில்தான் எழுதிவந்தார்கள்.

ஜூன் 12

இரவு உட்கார்ந்து படித்தேன். பிள்ளையின் வயதுக்கும் அறிவுக்கும் தக்கபடி உடல் அசைவுகள் படியாமல், அது அன்றாடத்தையே தடுத்தால் அதற்கு டி.சி.டி. என்று பெயர், அசைவு ஒருங்கிணைப்பில் வரும் வளர்ச்சிக் குறைபாடு. ஐந்திலிருந்து பதினோரு வயதுக்குள் உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருக்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தச் சிக்கலும் கூட இருக்கிறது. ஸ்வீடனில் கார்ல்ஸ்டாட் நகரத்து ஏழு வயதுப் பிள்ளைகளைப் பார்த்து 1998-இல் வெளிவந்த ஆய்வும் இதைத்தான் காட்டியது.

அந்த ஆய்வில் பங்கெடுத்த கோத்தன்பர்க் மருத்துவர் கிறிஸ்டஃபர் கில்பெர்க் இரண்டையும் பிரித்துப் பார்க்கவே மறுத்தவர். கவனம், அசைவு, புலனறிவு மூன்றும் சேர்ந்து தடுமாறும் பிள்ளைகளுக்கு 'டாம்ப்' என்று பெயர் வைத்தார்; ஸ்காண்டிநேவிய நாடுகளில் பல வருடம் அது புழக்கத்தில் இருந்தது. மற்ற நாடுகள் அந்தப் பெயரை ஏற்கவில்லை. ஆனால் அவரும் பெடர் ராஸ்முசனும் 2000-இல் வெளியிட்ட ஒரு கணக்கை எளிதில் தள்ளிவிட முடியாது. சிறுவயதில் பார்த்த அதே பிள்ளைகளை 22 வயதில் தேடிப் போய்ப் பார்த்தார்கள். இரண்டு சிக்கலும் சேர்ந்திருந்தவர்களில் 58 சதவீதம் பேரின் நிலை மோசமாக இருந்தது. எந்தச் சிக்கலும் இல்லாத ஒப்பீட்டுக் குழுவில் 13 சதவீதம்தான்.

சிறிய குழு அது, அந்தக் காலத்துப் பிள்ளைகள், உதவி அவ்வளவாகக் கிடைக்காதவர்கள். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

ஜூன் 15

சாயங்காலம் கரண்ட் போனது. சின்னவன் கூடத்திலிருந்து அடுக்களைக்கு வர, சுவரைத் தடவித் தடவி வந்தான்; வந்தும் நிலைப்படியில் இடித்துக்கொண்டான். "கண்ணு என்ன பிடரியிலயா கெடக்கு? பைய நடய்யா" என்று அத்தை அங்கலாய்த்தார்கள். வசவில்லை அது, பாசந்தான். அவனும் அந்த ஆச்சியின் மடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டான்.

விளக்கு வந்ததும் அத்தைக்கு விளக்கிச் சொன்னேன். நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து சேதி வருகிறது: கண், உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்வு. மூன்றையும் நொடிக்கு நொடி சரிபார்த்து, எதை எவ்வளவு நம்புவது என்று மூளை தீர்மானிக்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ள பல பிள்ளைகள் சும்மா நிற்கும்போதே மற்றவர்களைவிட அதிகம் அசைகிறார்கள் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். கண்ணை மூடச் சொன்னாலோ, காலடியில் மெத்தென்று எதையாவது வைத்தாலோ தள்ளாட்டம் இன்னும் கூடுகிறது. இவனுக்குப் பாரமெல்லாம் கண்ணில். இருட்டில் அந்தக் கண்ணும் கைவிட்டுவிடுகிறது.

"அப்போ மூளையில கோளாறா?" என்று கேட்டார்கள். இதற்குப் பதில் சொல்வது சுலபமில்லை. அசைவுகளை நேரம் பிசகாமல் ஒழுங்குபடுத்துவதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அதற்குள்தான் இருக்கின்றன என்று 2009-இல் பிரேசில் ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். கவனத்தைக் கட்டி நிறுத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு என்று இப்போது நினைக்கிறார்கள். 2002-இல் ஃபிரான்சிஸ்கோ கஸ்தெயானோஸ் குழு அமெரிக்காவில் ஸ்கேன் செய்து பார்த்தபோது, ஏ.டி.எச்.டி. பிள்ளைகளின் சிறுமூளை சராசரியில் சுமார் 3.5 சதவீதம் சிறிதாக இருந்தது. மருந்தே சாப்பிடாத பிள்ளைகளிலும் அப்படித்தான். இது கூட்டத்தின் சராசரி. ஒரு பிள்ளையின் ஸ்கேனைப் பார்த்து இவனுக்கு இருக்கிறது, அவனுக்கு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

"கோளாறு இல்ல அத்தை, வேற மாதிரி வளருது" என்றேன். தலையாட்டினார்கள். அடுத்த கரண்ட் கட்டுக்கு முன்னாலேயே டார்ச்சை எடுத்து அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டார்கள்.

ஜூன் 21

என் கணவருடைய அலுவலக நண்பர் ஒரு விளம்பரத்தை வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார். சிறுமூளைப் பயிற்சி, ஆறு மாதத்தில் கவனக்குறைவு குணமாகும், கட்டணம் தவணையில். ஆடும் பலகையில் ஒரு குழந்தை நிற்கும் படம்.

இந்தக் கதை பழையது. இங்கிலாந்தில் வின்ஃபோர்ட் டோர் என்ற தொழிலதிபர், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிக்கலால் தவித்த தன் மகளுக்காகத் தொடங்கியது. சிறுமூளையைத் தூண்டினால் படிப்பும் கவனமும் சீராகும் என்று ஆடும் பலகை, சிறு பைகளைக் கைமாற்றி எறிவது போன்ற பயிற்சிகளைத் தினமும் செய்யவைத்தார்கள். 2003-இல் 'டிஸ்லெக்சியா' என்ற ஆய்விதழில் அதற்கு ஆதரவாக ஒரு கட்டுரை வந்தது. ஒப்பிட்ட பிள்ளைகளுக்கு ஈடான வேறு பயிற்சி எதுவும் கொடுக்கப்படவில்லை, எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு டிஸ்லெக்சியா உறுதிப்படவே இல்லை என்று அறிஞர்கள் கொதித்தார்கள். அதைத் தொடர்ந்து அந்த இதழின் ஆசிரியர் குழுவிலிருந்தே ஐந்து பேர் விலகினார்கள். 2008-இல் இங்கிலாந்து நிறுவனம் நொடித்துப்போனது. பணம் கட்டிய பெற்றோர் பாதியில் நின்றார்கள்.

ஆடும் பலகையில் நின்று பழகினால் ஆடும் பலகையில் நன்றாக நிற்க வரும். அதிலிருந்து கணக்குப் பாடத்துக்குக் கவனம் தாவிவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பிள்ளைக்காக எதையும் விற்கத் துணிந்து நிற்கும் தாய் தகப்பனிடம் 'குணமாகும்' என்று சொல்வது கொடுமை. அவரிடம் சொன்னேன். விளம்பரத்தை அழித்துவிட்டார்.

ஜூன் 27

இன்று மேடம் அவனிடமே கேட்டார்கள்: "உனக்கு எது நல்லா வரணும்?" கையெழுத்து என்று சொல்வான் என நான் காத்திருந்தேன். சைக்கிள் என்றான். தெருவில் அவன் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ட்யூஷனுக்குச் சைக்கிளில் போகிறார்கள், இவன் மட்டும் பின்னால் ஓடுகிறான். அவன் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கனடாவில் ஹெலீன் பொலடைக்கோவும் உடனிருந்தவர்களும் வகுத்த முறை இது. இலக்கைப் பிள்ளையே எடுக்க வேண்டும். எப்படிச் செய்வது என்று அவனே திட்டம் சொல்ல வேண்டும், செய்து பார்க்க வேண்டும், எங்கே தவறியது என்று அவனே கண்டுபிடிக்க வேண்டும். பெரியவர்கள் கேள்வி கேட்கலாம், விடையைக் கையில் கொடுக்கக் கூடாது. எந்த வேலை வரவேண்டுமோ அந்த வேலையையே பழக்கு என்பதுதான் டி.சி.டி.க்கான ஐரோப்பிய வழிகாட்டுதல்களும் சொல்வது.

சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் போய் இரண்டு பெடலையும் கழற்றச் சொன்னோம். "பெடலே இல்லாம என்னத்த ஓட்ட?" என்றார். இருந்தாலும் ஸ்பானரை எடுத்தார். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், தெரியாமல் முறுக்கினால் இறுகிவிடும் என்று சின்னவனுக்குக் காட்டிக் கொடுத்தார். சீட்டை இறக்கி, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகிறபடி வைத்தோம். காலால் உந்தி உந்திப் போவது மட்டுந்தான் இப்போதைக்கு. பெடல் மிதிப்பது, திருப்புவது, பிரேக் பிடிப்பது, விழாமல் இருப்பது எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டால் இவனுக்குத் தாங்காது. சமநிலை ஒன்று வந்த பிறகு மற்றவை ஒவ்வொன்றாக.

"எப்ப சாயுது?" என்று மேடம் சொல்லிக்கொடுத்தபடி கேட்டேன்.

"கீழ பாக்கும்போது சாயுதும்மா."

"அப்போ?"

"வேப்பமரத்தப் பாக்கேன்."

அவன் கண்டுபிடித்த விடை அது.

ஜூலை 4

பள்ளியில் வகுப்பாசிரியையைப் பார்த்தேன். இவன் பென்சிலைப் பிடிக்கும் அழுத்தத்தில் முனை உடைகிறது, பக்கத்தின் பின்புறம் புடைத்துக்கொள்கிறது, அரைப் பக்கத்தில் கை வலித்து எழுந்துவிடுகிறான். எழுந்ததற்குத்தான் திட்டு விழுகிறது, வலியை யாரும் பார்ப்பதில்லை. விரல் எவ்வளவு அழுத்துகிறது என்ற கணக்கு அவனுக்குச் சரியாகக் கிடைப்பதில்லை என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். கரும்பலகையில் இருப்பதை முழுதும் எழுதாமல் பாதி எழுதினால் போதும், மீதியை வாயால் சொல்லட்டும் என்று அவர்களே வழி சொன்னார்கள்.

சட்டத்தையும் எடுத்துப் போயிருந்தேன். 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஏ.டி.எச்.டி. அதில் தனியாக இல்லை. ஆனால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் என்பதன் விளக்கத்துக்குள் டிஸ்லெக்சியாவோடு டிஸ்பிராக்சியாவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கை கால் ஒத்துழைக்காத சிக்கலுக்கு வழங்கும் இன்னொரு பெயர்தான் அது. பெரிய வகுப்பு வரும்போது தேர்வில் கூடுதல் நேரம் கேட்க இந்த ஒரு சொல் உதவக்கூடும். இப்போதே எல்லா அறிக்கைகளையும் ஒரு கோப்பில் போட்டு வைக்கிறேன்.

பி.டி. சார்தான் மனதைத் தொட்டுவிட்டார். அணி பிரிக்கும்போது பிள்ளைகளே ஆள் எடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிடுகிறேன் என்றார். கடைசி ஆளாக மிஞ்சி நிற்பது எத்தனை பிள்ளைகளை மைதானத்திலிருந்தே விரட்டியிருக்கிறது! ஓடாத பிள்ளைக்கு உடம்பு இன்னும் பழகாது. பழகாத உடம்பு இன்னும் ஓடாது.

ஜூலை 9

மருத்துவரிடம் மாதப் பரிசோதனை. ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தைச் சாப்பிட்டால் சமநிலையும் சரியாகுமா என்று கேட்டேன். சில பிள்ளைகளுக்கு நடையும் கையெழுத்தும் ஓரளவு மேம்படுவதுண்டு, எல்லோருக்கும் இல்லை, மருந்து பயிற்சிக்கு மாற்றும் இல்லை என்றார். மருந்து அவனை உட்காரவைக்கும். சட்டைப் பித்தானைப் போட விரலுக்குச் சொல்லித்தருவது நம் வேலை.

ஜூலை 13

நாசரேத்தில் மதினி வீட்டு விசேஷம். மதினி மகளுக்கு ஏழு வயது. சேட்டை கிடையாது, குரல் எழாது, கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள். பந்தியில் அவள் இலையைச் சுற்றித்தான் அதிகம் சிந்தியிருந்தது. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்கினாள். பாண்டி ஆடக் கூப்பிட்ட பிள்ளைகளிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் இருந்தாள். "கூச்ச சுபாவம்" என்றார் மதினி.

இருக்கலாம். ஆனால் பையன்கள் ஓடி, உடைத்து, மோதித் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். கவனம் மட்டும் சிதறுகிற பெண்பிள்ளைகள் பத்து வருடம் போனாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியகிரம் என்ற திட்டம் 2013 முதல் இருக்கிறது. பதினெட்டு வயதுவரை பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை இலவசமாகப் பார்க்கிறார்கள், அசைவுத் தாமதமும் ஏ.டி.எச்.டி.யும் அந்தப் பட்டியலில் உண்டு. பள்ளிக்கு வரும் குழுவிடம் சொன்னாலே மாவட்ட இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

விசேஷ வீட்டில் வைத்துப் பேசினால் மதினி மனம் வருந்துவார். நாளைக் காலை போன் செய்து, படி இறங்குவதைப் பற்றி மட்டும் முதலில் பேச வேண்டும்.