கற்பனை அணியும் கணக்கில் வராத ஆட்டமும்

விளையாட்டோடு தொடர்புடையோரை ஆடுவோர், பார்ப்போர் என இரு பகுதியினராக வகுப்பதே நம்மிடையே நிலவும் வழக்கம். இவ்விரு பகுதியினருள்ளும் அடங்காத மூன்றாவது வகையினர் இன்று தோன்றியுள்ளனர். இவர்கள் மைதானத்திற் கால் வைப்பதில்லை. ஆயினும் வெறும் பார்வையாளருமல்லர். உண்மையான வீரர்களின் பெயர்களைக் கொண்டு தாமே ஓர் அணியை அமைப்பர். அவ்வீரர்கள் மெய்யான ஆட்டத்தில் எடுக்கும் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் புள்ளிகளாக மாற்றி, பிறர் அமைத்த அணிகளோடு போட்டியிடுவர். இதனைக் கற்பனை அணி ஆட்டம் எனலாம்.

இவ்வாட்டத்தின் பிறப்பிடம் அமெரிக்கா. 1962 ஆம் ஆண்டில் ஒக்லண்ட் நகரக் காற்பந்து அணியின் பங்காளருள் ஒருவரான வில்பிரட் விங்கன்பாக் என்பவர், நியூயோர்க் விடுதியொன்றில் நண்பரோடு கூடி இதற்கான முதல் விதிகளை வகுத்தார். 1980 இல் எழுத்தாளர் டானியல் ஒக்றென்ற் பேஸ்போலுக்கு ஏற்ற விதிகளை அமைத்தார். அவரும் நண்பரும் கூடிய உணவகத்தின் பெயரே அவ்வாட்டத்திற்கும் பெயராயிற்று. அந்நாளிற் பத்திரிகைகளில் வெளிவந்த எண்களைக் கையாற் கூட்டியே வெற்றி தோல்வியை நிர்ணயித்தனர். பின்னர் கணினி வந்தது. லக்ரோஸ் போன்று நம்மவர் அதிகம் அறியாத ஆட்டங்களுக்கும் இம்முறை பரவியது. இந்தியாவில் 2008 இல் தோன்றிய டிறீம் இலெவன் நிறுவனம் கிரிக்கெட்டின் வாயிலாக இதனைப் பெரும் பணப்புழக்கமுள்ள தொழிலாக்கிற்று. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யவே, அந்நிறுவனம் பணப் போட்டிகளை நிறுத்தியது.

கிளிநொச்சியில் நாங்கள் அறுவர் ஆடிய ஆட்டத்திற் பணத்துக்கு இடமிருக்கவில்லை. பயிற்சிக் கொப்பியொன்றே எங்கள் அலுவலகம். 2024 ஐ.பி.எல். பருவத்தில் ஒவ்வொரு வீரருக்கும் நாங்களே விலை குறித்தோம். நூறு அலகுகளுக்குள் பதினொருவரைத் தெரிதல் வேண்டும். ஒரே அணியிலிருந்து எழுவருக்கு மேற்படலாகாது. தலைவராகக் குறிக்கப்படுபவருக்கு இரட்டைப் புள்ளி. ஓட்டம் ஒன்றுக்கு ஒரு புள்ளி. விக்கெட் ஒன்றுக்கு இருபத்தைந்து. புகழ்பெற்றோரையே வாங்கினால் நூறு அலகும் ஐவரோடு தீர்ந்துவிடும். ஆகவே விலை குறைந்தவருள் அன்றைக்குப் பிரகாசிக்கக்கூடியவர் யாரென அறிவதிலேயே நிருவகிப்பவரின் திறமை தங்கியுள்ளது. ஆடுகளத்தின் தன்மை, எதிரணியின் பலவீனம், இரவுப் பனியில் ஈரமாகும் பந்து ஆகிய யாவற்றையும் ஆராய வேண்டும். எவரும் எங்களிடம் ஒப்படைக்காத பொறுப்பை நாங்களே ஏற்று, அதனை மிகுந்த கவலையோடு நிறைவேற்றினோம்.

2024 மே 8 ஆம் திகதி ஐதராபாத்தில் சன்றைசர்ஸ் அணி லக்னோ அணியைச் சந்தித்தது. நாணயச் சுழற்சியின்போது வெளியான பெயர்ப்பட்டியலில் விஜயகாந்த் வியாஸ்காந்தின் பெயர் இருந்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆடி, 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கில் இடம்பெற்ற சுழற்பந்து வீச்சாளர் அவர். ஐ.பி.எல். போட்டியில் அதுவே அவரது முதலாட்டம். ஆட்டம் தொடங்க அரை மணி நேரமே இருந்தது. நான் ஒருவரை நீக்கி வியாஸ்காந்தைச் சேர்த்தேன். நண்பர் ஒருவர் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, “இதென்ன, மாவட்டக் கோட்டாவில எடுத்த ஆளோ?” என்றார். எல்லோரும் சிரித்தனர்.

வியாஸ்காந்த் நான்கு ஓவர்கள் வீசி 27 ஓட்டங்களைக் கொடுத்தார், விக்கெட் கிடைக்கவில்லை. அதே ஆட்டத்தில் அணித்தலைவர் பற் கமின்ஸ் நான்கு ஓவர்களில் 47 ஓட்டங்களைக் கொடுத்து ஒரு விக்கெட்டை வீழ்த்தினார். லக்னோ 165 ஓட்டங்களோடு நின்றது. ட்ராவிஸ் ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் 9.4 ஓவர்களிலேயே, விக்கெட் இழப்பின்றி, இலக்கை அடைந்தனர். எங்கள் கொப்பியில் கமின்ஸுக்கு 25 புள்ளிகள். இருபது ஓட்டங்கள் குறைவாகக் கொடுத்தவருக்குச் சுழியம்.

அன்றிரவு எழுந்த வாதம் ஆட்டத்தைவிட நீண்டது. ஓட்டத்தைக் கட்டுப்படுத்துதலும் ஆட்டமே என்றேன். விதி எல்லோருக்கும் ஒன்றே, இடைநடுவில் மாற்றலாகாது என்றார் நண்பர். ஈற்றில் ஓவருக்கு ஏழு ஓட்டங்களுக்குக் குறைவாகக் கொடுப்பவருக்குப் பத்துப் புள்ளி என விதியைத் திருத்தினோம். எனினும் அது மறுநாளிலிருந்தே நடைமுறைக்கு வருமெனத் தீர்மானித்தோம். வியாஸ்காந்தின் சுழியம் சுழியமாகவே நிலைத்தது.

நண்பரின் கேலியில் ஓர் உண்மை பொதிந்திருந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்கள் பல்கலைக்கழக அனுமதியிற் கல்வியிற் பின்தங்கியவை என வகுக்கப்பட்டவை. இசட் புள்ளி வரிசையில் எமது இடத்தோடு மாவட்டத்தின் பெயரையும் சேர்த்தே நாம் தெரிவுசெய்யப்படுகிறோம். என்னோடு பயில்வோர் சிலர் அதனை நினைவூட்டவும் தவறுவதில்லை. அப்புள்ளி ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதைச் செம்மையாகக் காட்டும். அப்பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமற் கழிந்த தவணைகளை அது காட்டாது. 2009 இற் செட்டிகுளத்து முகாம்களில் வரிசையில் நின்று எண்ணப்பட்ட குழந்தைகள் பின்னர் எந்த வகுப்பிலிருந்து மீண்டும் தொடங்கினர் என்பதையும் காட்டாது. எங்கள் கொப்பியின் பழைய விதி வியாஸ்காந்தின் நான்கு ஓவர்களைக் காணாதது போன்றதே இதுவும். விதியைத் திருத்தியபோது நாங்கள் எவருக்கும் சலுகை வழங்கவில்லை. அளவுகோல் குறையுடையது என ஏற்றுக்கொண்டோம். மாவட்ட ஒதுக்கீட்டையும் நான் அவ்வாறே விளங்கிக்கொள்கிறேன்.

திருத்திய விதியும் முழுமையானதென்று கூறமுடியாது. எல்லைக்கோட்டருகே பாய்ந்து நான்கு ஓட்டங்களைத் தடுத்தவருக்கு எங்கள் கொப்பியில் இன்னும் ஒரு புள்ளிதானுமில்லை. ஒதுக்கீட்டினால் உள்ளே வந்தோரிடையேயும் வசதி மிக்க நகரப் பாடசாலை மாணவரும் ஒற்றையாசிரியர் பாடசாலை மாணவரும் ஒரே மாவட்டத்தின் பெயராலேயே எண்ணப்படுகின்றனர். எந்த அளவுகோலும் எதையோ விட்டே அளக்கும். ஆகவே அளப்பவர் தாம் எதை விட்டோம் என்று அறிந்திருத்தல் இன்றியமையாதது.

எமது பிரதேசத்து மக்கள் நெடுங்காலமாகப் பிறராற் கணக்கெடுக்கப்பட்டும் தெரிவுசெய்யப்பட்டும் வந்துள்ளனர். தெரிவுசெய்யும் இடத்தில் அமர்ந்து பார்க்க எமக்குக் கிடைத்த வாய்ப்புகள் சிலவே. கற்பனையான ஓர் அணி அவ்வாய்ப்பை எமக்குத் தந்தது. அந்த இருக்கையில் அமர்ந்தவரும் அவசரத்தில், அரைகுறை விதியோடு, அரைமணி நேரத்துள் பெயர்களை வெட்டியும் சேர்த்துமே முடிவெடுக்கிறார் என்பதை அங்கிருந்தே கண்டுகொண்டோம். நாளை நம்மிற் சிலர் அதிபராகவோ அலுவலராகவோ நேர்முகத் தேர்வு மேசையின் மறுபக்கத்தில் அமரக்கூடும். அப்போது நம் முன்னே நீட்டப்படும் புள்ளிப்பட்டியலில் ஒருவரின் பெயருக்கு நேரே சுழியம் இருக்குமாயின், அவர் எத்தனை ஓவர்கள் வீசினார் என்பதையும் ஒருமுறை கேட்டறிதல் நம் கடனாகும்.